தறியும் தானறியாப் பொறியும்



செயற்கை நுண்ணறிவு என்று உலகெங்கும் இன்று பேசப்பெறும் பொறிக்கும் நெசவுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று, இருநூறாண்டுப் பழமையுடையது. பிரஞ்சு நாட்டின் இலியோன் நகரில், சக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் பட்டுத்தறிக்குரிய துளையட்டைப் பொறியைச் செவ்விதாக்கினார். அதுகாறும் தறியருகிருந்து கயிறிழுத்துப் பாவிழைகளை உயர்த்திய சிறுவனின் வேலையை அவ்வட்டைகள் ஏற்றன. துளையுள்ள இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. இவ்வளவே கொண்டு பூவும் கொடியும் பட்டில் மலர்ந்தன. 1839-இல் ஏறத்தாழ 24,000 அட்டைகளால் சக்கார்டின் உருப்படமே நெய்யப்பெற்றது. அதன் படியொன்றை வைத்திருந்த ஆங்கிலக் கணக்கறிஞர் பாபேசு, தாம் திட்டமிட்ட கணிக்கும் பொறிக்கும் துளையட்டையையே தேர்ந்தவர். கணிப்பொறியின் பிறந்தகம் தறிக்கூடமே என்பதில் ஐயமென்ன?

ஆயின், அவ்வட்டையின் ஒவ்வொரு துளையும் மாந்தன் எண்ணி இட்ட துளை. வரைந்தவன் ஒருவன், துளைத்தவன் ஒருவன், நெய்தவன் ஒருவன். மூவர்க்கும் கூலியுண்டு. 1831 நவம்பரில் இலியோன் நெசவாளர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்கள் கேட்டது தறியை உடைக்கும் உரிமையன்று. நெய்த துணிக்கு வரையறுத்த கூலியே. உடன்பட்ட கூலியை வணிகருட் பலர் தர மறுத்ததே அக்கிளர்ச்சிக்கு வித்து.

இன்றைய பொறியோ பிறர் படைப்புகளைத் திரட்டி உண்டு வளர்வது. 2022-இல் வெளிவந்த இலயன் தொகுப்பில் 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் இணைப்புகள் இணையத்தினின்று திரட்டப்பெற்றன. வரைந்தோரின் இசைவை எவரும் கேட்டிலர். 2023 சனவரியில் ஓவியர் மூவர் அமெரிக்க முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தமைக்கு இத்தகைய திரட்டே அடிப்படை.

நூற்பின்னற் கலைஞர் இப்பொறியை ஊசியும் கையுமாக எதிர்கொண்ட செய்தியும் உண்டு. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர் சானெல் சேன், பின்னற் குறிப்புகளைப் பொறிக்குப் பயிற்றிப் புதியன எழுதச் செய்தார். 'இரேவல்ரி' இணையக் குழுவினர் அவற்றைப் பின்னத் தொடங்கினர். ஒரு வரியின் கண்ணிக் கணக்கு அடுத்த வரியோடு பொருந்தவில்லை. பொறி சொற்களைக் கண்டிருந்தது; நூலைத் தொட்டறியாது. எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று கண்டு, பிழையைத் திருத்தி முடித்தவை அவர்தம் விரல்களே. நகைப்போடு செய்த அவ்வேலை, அறிவு எங்கே உறைகிறது என்பதை ஐயமறக் காட்டிற்று.

எனவே கலைஞர் பொறியை வெறுக்கின்றனர் என்பது பொருந்தாக் கூற்று. அவர்தம் வேண்டுகை மூன்றே: எடுக்குமுன் இசைவு, எடுத்தபின் பெயர், பயனுக்குரிய ஊதியம். இலியோன் தெருக்களில் எழுந்த குரலே இன்றும் எழுகின்றது.

அன்பர்களே! பொறி வளர்க; அதற்கு உணவூட்டிய கைகள் பசித்திருத்தல் மட்டும் வேண்டா!