பழைய வாங்குகளில் ஒரு சாப்பாட்டுக்கடை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் நால்வர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பேச அழைத்தபோது தலைவி அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லதை மட்டும் சொல்லாதேங்கோ, பிழைத்ததையும் சொல்லுங்கோ." இரண்டையும் சொல்கிறோம்.

நாங்கள் நால்வரும் ஒரே வகுப்பு. எங்களுள் மூவர் ஆசிரியைகளாக ஓய்வு பெற்றவர்கள். திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகத்தில் பெண்கள் எங்கள் கண்முன்னே சமைத்துத் தருவதைப் பார்த்தபோதுதான் எண்ணம் வந்தது. எங்கள் ஒழுங்கையிலும் நன்றாகச் சமைக்கத் தெரிந்த, வருமானமில்லாத பெண்கள் ஐவர் இருந்தார்கள். 2018 இல் தொடங்கினோம்.

புதுக்கட்டடத்துக்குப் பணம் போதவில்லை. போரில் சேதமடைந்த வீடொன்றை இடித்தவர் ஓடுகளையும் யன்னல்களையும் குறைந்த விலைக்குத் தந்தார். பனை வளைகளைத் தச்சர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தே தெரிந்தெடுத்தார். வைரமேறிய பனை நனையாமல் இருந்தால் தலைமுறை தாண்டும் என்றார். அங்கே கிடந்த அஸ்பெஸ்டஸ் தகடுகள் இலவசம் என்றாலும் வேண்டாம் என்றோம். உடைந்தால் அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு. பழையதெல்லாம் பாவிக்கத் தக்கதல்ல.

இருக்கைக்கு? எங்கள் பாடசாலை கழித்து ஏலத்தில் விட்ட வாங்குகள்! கவராயத்தால் கீறிய பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. யார் கீறியது என்று இங்கே சொல்லமாட்டோம். ஆசிரியைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில்தான் பிழை விட்டோம். முதல் மூன்று மாதமும் தினம் எட்டு வகை சமைத்தோம். மிஞ்சியதைக் கொட்டினோம், கடனும் ஏறியது. பிறகு முறையை மாற்றினோம். மாலையில் அயல் தோட்டக்காரரிடம் நாளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்போம். அதைப் பார்த்து மூன்று வகையைப் பலகையில் எழுதுவோம். குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல். சனிக்கிழமை ஒடியல் கூழ். பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 இலேயே தடைசெய்யப்பட்டது. எங்களிடம் வாழையிலைதான், வீட்டுப் பாத்திரம் கொண்டுவந்தால் விலையில் பத்து ரூபா கழிவு. தோலும் காம்பும் ஆட்டுக்கு, கழுவுநீர் வாழைக்கு.

லண்டனில் இருந்து வந்தவர்கள் 'சைலோ'வை அறிந்திருப்பீர்கள். 2014 இல் பிரைட்டனில் தொடங்கி 2019 இல் லண்டனுக்கு மாறிய, குப்பைத்தொட்டியே வைக்காமல் நடத்தப்பட்ட உணவகம். அங்கே அது புதுமையாக இருந்தது. எங்கள் அம்மம்மாக்களின் குசினியிலும் குப்பைத்தொட்டி இருக்கவில்லை.

2022 இல் எரிவாயு இல்லை. கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கடையைப் பூட்டுவோம் என்று நாங்கள் நால்வரும் முடிவெடுத்து, ஐவரையும் கூப்பிட்டுச் சொன்னோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர்களுள் மூத்தவர் சொன்னார்: "பூட்டாதேங்கோ ரீச்சர். விறகு நாங்கள் கொண்டுவாறம். இதைவிட்டால் எங்களுக்கு வேறை என்ன இருக்கு?"

மறுநாள் கங்குமட்டையும் சிரட்டையும் வந்து சேர்ந்தன. புகை தாங்காமல் ஒருவருக்கு இழுப்பு வந்தபோது பழைய குழாயில் புகைபோக்கி வைத்தோம். பாண் வாங்க முடியாதவர்கள் எங்கள் பிட்டுக்கு வந்தார்கள். நாங்கள் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தோம்; கடையைக் காப்பாற்றியது அவர்கள்தான்.

ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். கடையை அந்த ஐவர் பெயருக்கே எழுதிக் கொடுக்கப்போகிறோம். கடன் தீர்ந்துவிட்டது, உங்களிடம் காசு கேட்கவில்லை. இரண்டு கேட்கிறோம். உங்கள் அம்மாமார் செய்த, இப்போது ஒருவரும் செய்யாத ஒரு கறியின் கைப்பக்குவத்தை எழுதித் தாருங்கள். ஊருக்கு வரும்போது ஒருவேளைச் சாப்பாட்டை எங்கள் ஒழுங்கையில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்.

உங்கள் பெயர் கீறிய வாங்கும் அங்கே இருக்கக்கூடும். வந்து தேடிப் பாருங்கள்.