பொம்மை ரயில் பார்க்கப் புனே போகலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடைச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது கொடைக்கானல், மூணாறு, குற்றாலம் என்று வழக்கமான பதில்கள்தான் வந்தன. நடுவில் நம் பிளாக் பையன் ஒருவன் அம்மாவின் போனிலிருந்து ஒரு வீடியோ போட்டான். புனேயில் கோத்ருட் என்ற பகுதியில் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்தின் வீடியோ. அன்றிலிருந்து சிறுவர்கள் எல்லோரும் "புனே, புனே" என்கிறார்கள். பெரியவர்கள், "ஒரு பொம்மை ரயில் பார்க்க அவ்வளவு தூரமா?" என்கிறார்கள். சங்கத்தின் கையில் பொங்கல் விழாவில் மிஞ்சிய பணமும் இருக்கிறது. அதை இதற்குக் கொடுக்கலாமா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். விசாரித்துச் சொல்லும்படி செயலாளர் என்னிடம் ஒப்படைத்தார்.

என்னிடம் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் இதில் ஒரு தடவை அடிபட்டவன். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது, வெளியூரில் மாடல் ரயில் கண்காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ராத்திரி பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ரயில்கள் மேஜை மேல் சும்மா நிற்கின்றன. ஓட்டுகிறவர் மத்தியானம்தான் வருவாராம். மத்தியானம் வந்தார், கரண்ட் இல்லை. திரும்பி வரும்போது மகன் கேட்டான்: "அப்பா, இதுக்குத்தான் வந்தோமா?" ஒரு போன் செய்து கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. நம் குழந்தைகள் யாரும் நம்மைப் பார்த்து அப்படிக் கேட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாவு ஜோஷி என்ற ரயில் பிரியர் பல வருஷமாகச் சேர்த்ததும் செய்ததும் சேர்ந்து உருவானது அது. 1998 ஏப்ரல் 1 அன்று மியூசியமாகத் திறந்தார்கள். ஒரு குட்டி நகரம். அதில் தண்டவாளங்கள், சிக்னல்கள், மேம்பாலங்கள், தெருவிளக்குகள். பல வகை ரயில்கள் அதற்குள் ஓடும். விளக்கத்தோடு ஓட்டிக் காட்டுவார்கள். காட்சி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பயணக் கணக்கைப் பார்ப்போம். நாகர்கோவிலிலிருந்து மும்பை போகும் எக்ஸ்பிரஸ் நம் மதுரை வழியாகப் போகிறது. அதில் ஏறினால் நேராகப் புனேயில் இறங்கலாம். ஆனால் போக ஒரு நாளுக்கு மேல், வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரண்டு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து, அரை மணி நேரக் காட்சி. இப்படிக் கணக்குப் போட்டால் யாரும் போக மாட்டோம்.

ஆனால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. நான் கேட்டுக்கொண்ட கேள்வி இது: நம் பிள்ளை பார்க்க விரும்புவது ரயிலையா, ரயில்வேயையா?

ரயில் என்றால் வண்டி. அதன் உருவம், வேகம், ஹாரன், ஜன்னலோர சீட். ரயில்வே என்றால் அந்த வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓட வைக்கிற ஏற்பாடு. சிக்னல், பாயிண்ட், எந்த வண்டி எந்தத் தடத்தில் என்ற தீர்மானம். நிஜ ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் நிற்கும் நமக்கு ஒரு வண்டிதான் தெரியும். அதற்கு எங்கே சிக்னல் விழுந்தது, எந்தப் பாயிண்ட் திரும்பியது, அடுத்த வண்டி எங்கே காத்திருக்கிறது என்று எதுவும் தெரியாது. அது முழுவதையும் மேலே இருந்து ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால், ஓடுகிற மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

ரயிலைப் பார்க்க ஆசை என்றால் புனே வேண்டாம். நம்மைச் சுற்றியே நிறைய இருக்கிறது. போடி லைன் அகலப் பாதையாகி 2023 ஜூனிலிருந்து போடி வரை மறுபடி ரயில் ஓடுகிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று மலையை நோக்கிப் போகிற அந்தப் பாதையில் ஒரு நாளில் போய் வந்துவிடலாம். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பலுக்கு வழிவிட நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். திருச்சியில் 2014-இல் திறந்த ரயில் மியூசியம் இருக்கிறது. சென்னையில் பெரம்பூர் ஐசிஎஃப் பக்கத்தில் 2002-இல் திறந்த மியூசியம் இருக்கிறது. பழைய இன்ஜின்களைத் தொட்டுப் பார்க்கலாம், குட்டி ரயிலில் ஏறிச் சுற்றலாம். ஐந்து வயசுக் குழந்தைக்குப் புனேயை விட இது சந்தோஷம்.

உங்கள் பிள்ளை எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சாயங்காலம் எல்லீஸ் நகர் பாலத்துக்குக் கூட்டிப் போங்கள். கீழே ஜங்ஷன் தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து போவது தெரியும். பிள்ளை பெட்டிகளை எண்ணினால், கை காட்டினால், அது ரயில் ஆசை. "அந்த வண்டி ஏன் வெளியிலேயே நிக்குது? அந்தத் தண்டவாளத்துல இருந்து இதுக்கு எப்படி மாறும்?" என்று கேட்டால், அது ரயில்வே ஆசை. அந்தப் பிள்ளைக்குப் புனே போக ரெண்டு நாள் என்ன, நாலு நாளும் தகும்.

கிளம்புகிறவர்கள் பிள்ளைகளிடம் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸையும் வைகையையும் அங்கே தேட வேண்டாம். மாடல் ரயில் உலகத்தில் அதிகம் புழங்குவது எச்ஓ என்ற அளவு. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பா, அமெரிக்கா ரயில் பாதையின் 1,435 மில்லிமீட்டரிலிருந்து வந்த கணக்கு. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அதே பங்கில் குறைத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும், அந்தத் தண்டவாளத்தில் உட்காராது. அதனால் கடையில் கிடைக்கிற மாடல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு வண்டிகள்தான்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், பிள்ளைகள் ரசிப்பார்கள். நம் நீலப் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 21 மீட்டர். எச்ஓ அளவில் அது 24 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 24 பெட்டி கோத்தால் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். இங்கே எந்த வீட்டு ஹாலிலும் அந்த வண்டி நேராக நிற்காது! பாம்பனில் மேலே போகிற அந்தப் பகுதி மட்டும் 83 சென்டிமீட்டர். முழுப் பாலம் வேண்டுமானால் 24 மீட்டர், நம் பார்க்கிங்கில்தான் வைக்க வேண்டும்.

போவது என்று முடிவானால் நாலு விஷயம். ஒன்று, டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மியூசியத்துக்கே போன் செய்து, நாம் போகிற நாளில் காட்சி உண்டா, எத்தனை மணிக்கு, விளக்கம் எந்த மொழியில் என்று கேட்க வேண்டும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு, எத்தனை பேர் வருகிறோம் என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். மூன்று, அரை மணி நேரத்துக்காக மட்டும் போகக் கூடாது. அதே எக்ஸ்பிரஸ் புனேயைத் தாண்டி லோனாவாலா, கர்ஜத் வழியாகப் போர் காட் மலைப் பாதையில் இறங்குகிறது. 1863-இல் திறந்த பாதை. 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற செங்குத்து. மும்பைப் பக்கமிருந்து ஏறும் வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னால் கூடுதல் இன்ஜின் போட்டுத் தள்ளுவார்கள். ஒரு நாள் அங்கே ஒதுக்கினால், குட்டி ரயிலில் பார்த்த மேடு பள்ளம் நிஜத்தில் என்ன பாடு படுத்துகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். நாலு, முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிகளைப் பாசத்துக்காக இழுத்துப் போக வேண்டாம். அவர்களுக்குப் பாம்பன் போதும்.

இப்போது பணம். என் யோசனை இதுதான். சங்கப் பணத்தில் எல்லோரையும் புனேக்கு அழைத்துப் போக வேண்டாம். பாதிப் பேருக்கு விருப்பமில்லாத பயணத்துக்குப் பொதுப் பணம் கொடுப்பது நியாயமில்லை. எல்லோருக்கும் பொதுவாக மே மாதம் பாம்பன் ஒரு நாள் போகலாம். அதற்கு அந்தப் பணம் உதவும். புனே, விருப்பமுள்ள குடும்பங்கள் தங்கள் செலவில் போகட்டும். மிச்சம் ஏதாவது இருந்தால், ஒரு சின்ன எச்ஓ செட் வாங்கி கிளப் ஹவுஸ் மேஜையில் போடலாம். புனே போய் வருகிற பிள்ளைகள் அங்கே பார்த்ததை இங்கே மற்றவர்களுக்கு ஓட்டிக் காட்டட்டும். போகாத பிள்ளைக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

அந்த வீடியோ போட்ட பையனை இரண்டு வாரம் முன்னால் நானே எல்லீஸ் நகர் பாலத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் நின்றோம். பெட்டியை ஒரு தடவைகூட எண்ணவில்லை. "அங்கிள், சிவப்பு விழுந்ததுக்கு அப்புறம் அந்தப் பச்சையை யாரு போடுறாங்க?" என்று கேட்டான். அவன் அம்மாவிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். நானும் எடுத்துவிட்டேன், என் மகனுக்கும் சேர்த்து. அவன் இப்போது வேலைக்குப் போகிறான், லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்கிறான்.

எங்களோடு வர விரும்புகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையோடு ஒரு தடவை பாலத்துக்குப் போய் வாருங்கள். மியூசியத்துக்குப் போன் செய்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.