வைரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்

வைரம் என்றதும் மூக்குத்தியும் தோடும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது கருப்பு வைரம். கரைசலில் முக்கி மின்முனையாக வைக்கிற வைரம்.

வைரம் மின்சாரம் கடத்தாதே என்பீர்கள். மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவிலிருந்து மெல்லிய படலமாக அதை வளர்க்கும்போதே தாராளமாகப் போரானைச் சேர்த்தால் கடத்தும். நிறமும் கறுத்துவிடும். வைர மின்முனை ஆய்வை 1987இல் மாஸ்கோவில் பிளெஸ்கோவ் குழுவினர் தொடங்கிவைத்தார்கள். பிறகு ஜப்பானில் ஃபுஜிஷிமா குழு. வரலாறு இவ்வளவு போதும், என் கதைக்கு வருகிறேன்.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடுதான் எங்கள் உரைகல். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் வரைபடத்தில் இரண்டு முகடுகள் வரும். அவை நெருங்கி நின்றால் எலக்ட்ரான் தடையில்லாமல் கைமாறுகிறது என்று பொருள். திங்கட்கிழமை நெருங்கித்தான் நின்றன. செவ்வாய்க்கிழமை, அதே மின்முனை, அதே கரைசல், முகடுகள் எங்கோ விலகிக் கிடந்தன. கரைசலை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், கருவியையே பிரிக்கப் போனேன். மூத்த ஆய்வாளர் அக்கா ஒருவர் வந்தார். வைரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது பரவிப் படர்ந்தது.

"நேத்து சாயங்காலம் சுத்தம் பண்றேன்னு பாசிட்டிவ்ல ஓட்டினியா?"

ஓட்டியிருந்தேன்.

கவனியுங்கள். புதிதாய் வளர்த்த வைரத்தின் மேல்தோல் முழுக்க ஹைட்ரஜன். அதில் தண்ணீர் ஒட்டாது. சேப்ப இலையில் போல உருண்டோடாவிட்டாலும் குவிந்து நிற்கும். நேர்மின்னழுத்தம் கொடுத்தால் ஹைட்ரஜன் போய் ஆக்சிஜன் உட்காரும், தண்ணீர் பரவும். மாறியது ஓர் அணு அடுக்குதான்! ஃபெர்ரோசயனைடு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆக்சிஜன் முகமும் எதிர்மின் பக்கம் சாய்ந்திருப்பதால் அதைக் கிட்டே அண்டவிடுவதில்லை என்பது வழக்கமான விளக்கம். நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து எதிர்மின்னழுத்தம் கொடுத்து, பழைய முகத்தை ஓரளவு மீட்டார் அக்கா.

ஆக்சிஜன் முகத்தை வில்லனாக்கிவிடாதீர்கள். மூளையில் சுரக்கும் டோபமினை அளக்கும்போது வைட்டமின் சி குறுக்கே வந்து இரண்டின் முகடுகளும் கலந்துவிடும். ஆக்சிஜன் முகத்தில் வைட்டமின் சி மட்டும் உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஒதுங்கிப்போகும். டோபமின் தனியாகத் தெரியும். கெட்டுப்போனதென்று நான் திட்டிய அதே முகம்!

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வைர மின்முனையின் பங்கைச் சொல்ல நேரமில்லை, வானொலி நிலையத்தார் கை காட்டுகிறார்கள். இதைக் கேட்கும் மாணவர் எவருக்காவது வைர மின்முனை கைக்கு வந்தால், கருவியைப் பிரிப்பதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.