பிள்ளைகளும் பெற்றோரும்



வளரும் பிள்ளைகளின் மனச்சோர்வைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

நமது வீடுகளில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பெற்றோர் பேசும் பேச்சு என்ன? "சாப்பிட்டாயா? படித்தாயா? எத்தனை மார்க்கு?" என்கிற மூன்று கேள்விதானே! பிள்ளை வாய் திறந்தால் "எதிர்த்துப் பேசாதே" என்கிறார்கள். அழுதால் "ஆண்பிள்ளை அழலாமா?" என்கிறார்கள். பெண்ணானால் "போய் வேலையைப் பார்" என்கிறார்கள். இப்படிப் பத்து வருஷம் பேசாதே, பேசாதே என்று பழக்கிவிட்டு, பிறகு ஒரு நாள் "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்று தலையில் அடித்துக்கொள்வதில் என்ன பிரயோஜனம்?

மனச்சோர்வு சோம்பலுமல்ல, திமிருமல்ல, பேய் பிடித்ததுமல்ல, அது நோய். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனுமொரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. தூக்கம் கெட்டு, சோறு குறைந்து, விளையாட்டையும் சிநேகிதரையும் விட்டு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் செய்யக்கூடாது.

நம்மவர் செய்வதென்ன? மந்திரிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்துக்குக் காது உண்டா? 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டார்களே, வைத்தியரிடம் போகவேண்டியவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது இந்த நம்பிக்கைதானே!

"சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமென்று சிலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்கிற தைரியந்தான் வரும். கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டாதீர்கள். "ஆம்" என்று பதில் வந்தால், தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அரசாங்கம் 2022-இல் ஏற்படுத்திய 14416 என்ற டெலிபோன் எண்ணில் இரவும் பகலும் காசில்லாமல் பேசலாம்.

தோழர்களே! பெரியவன் முன் சின்னவன் வாய் பொத்தி நிற்பது மரியாதையல்ல என்று வீதியில் சொல்லுகிற நாம், வீட்டுக்குள் அதையே வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைக்கும் மனம் உண்டு, மானம் உண்டு. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மார்க்கைக் கேட்காமல் மனதைக் கேளுங்கள். பதில் வர நாலு நாள் ஆகலாம், மறுபடியும் கேளுங்கள்.