முதியோர் மனைகளும் அவற்றின் பெயர்களும்

முதியோர்க்கெனத் தமிழகத்தில் எழுந்துள்ள மனைகள் பலவகையின. பெயரோ ஒன்றே: முதியோர் இல்லம். அகவை முதிர்ந்த தாயைக் கொண்டுவிடும் மக்கள் அப் பெயரை நம்பியே முன்பணம் கட்டிவிடுகின்றனர். தாய் படுக்கையில் வீழ்ந்த பின்னரே, இரவில் புண்ணுக்கு மருந்திடவோ குழாய்வழி உணவூட்டவோ அங்கு எவரும் இலர் என்பது தெரிகின்றது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் காப்புச் சட்டத்து 19-ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் அமைக்க இடந்தருகின்றது. அது தொடக்கத்தில் 150 பேரேனும் தங்கத்தக்கதாதல் வேண்டும். 60 அகவை எய்தி, தம்மைக் காத்துக்கொள்ளும் பொருளற்றார்க்கே அது. புகலகம் என்பதே அதற்குப் பொருந்தும் பெயர். கோவைப் பக்கம் விலைக்கும் குடிக்கூலிக்கும் விடப்படும் முதியோர் குடியிருப்புகளும் மக்கள் வாயில் முதியோர் இல்லமே! அவற்றில் வாழ்வோர் பெரும்பாலும் உடல்நலம் உடையார். சமையலையும் துப்புரவையும் பிறர் பார்த்துக்கொள்வர். அவற்றை உறையுள் என்னலாம். குளிக்கவும் உடுக்கவும் கைத்துணை வேண்டுவார்க்குரியது துணைமனை.

செவிலியர் இரவும் பகலும் உடனிருந்து பேணுவது செவிலியகம். பிள்ளையை வளர்த்தவளின் பழம்பெயர் முதுமையைப் பேணுவார்க்கும் ஆயது நன்றே. ஆயின், குழப்பம் மிகுவதும் இங்கேதான். தமிழகப் பெயர்ப்பலகைகளில் 'நர்சிங் ஓம்' என்பது பிள்ளைப்பேறும் அறுவையும் நடக்கும் சிறு மருத்துவமனை. இங்கிலாந்திலோ முதியோர் நெடுநாள் தங்கி வாழும் மனை. இலண்டனிலுள்ள தம்பி தொலைப்பேசியில் அச் சொல்லைச் சொன்னால், ஊரிலுள்ள தமக்கை, தந்தைக்கு ஏதோ அறுவை என்றே அஞ்சுவாள்.

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை தனித்தனியே பதியப்பெற்ற இருவகை மனைகளையும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது. பெயர் ஒன்றாயினும் தேவை ஒன்றாகவில்லை. செவிலியர் உள்ள மனைக்குச் 'செவிலியத்துடன்' என்னும் பொருள்பட ஓர் அடைமொழி இன்றும் வேண்டியிருக்கின்றது. அவ் வடை இல்லாத மனைக்குச் செவிலியர் வெளியிலிருந்தே வந்துபோவர்.

தீராநோயர்தம் நோவைத் தணிக்கும் நோவாற்றகம் வேறு. சிசிலி சாண்டர்சு அம்மையார் 1967-இல் இலண்டனில் நிறுவியது அத்தகையது. அங்கு நோயே அளவை, அகவையன்று. இளையோரும் அங்குச் சேர்வர். அதனை முதியோர் இல்லமென்றல் பிழை.

நல்ல பெயர்கள் வழக்கூன்றும்வரை, உடன்படிக்கையில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: இரவில் செவிலியர் உளரா? நினைவு தவறினும் படுக்கையுற்றாலும் வைத்துக்கொள்வரா? அந் நிலையில் கட்டணம் எவ்வளவு உயரும்? விடைகள் எழுத்தில் இருத்தல் வேண்டும்.