கால அட்டவணையும் நாமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கற்றோர் பலர் அமர்ந்துள்ள இம்மன்றத்தில், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்த ரயில்வே எழுத்தராகிய எம்மைப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். ஆதலின் தெரிந்ததையே பேசுவோம். நமக்குத் தெரிந்தது கால அட்டவணை.

காரக்பூர் காலனியில் பொழுது புலர்வது கதிரவனால் அன்று, பணிமனைச் சங்கினால். ஒரு சங்குக்கு அடுப்பில் தேநீர். மறு சங்குக்கு வாயிலில் சைக்கிள். திங்களன்று இட்லி என்றால் என்றும் திங்களன்று இட்லிதான். ஞாயிறு காலை கோல் பஜார், மாலை கோயில். ஆண்டுக்கொரு முறை பாஸ் எழுதி வாங்கிச் சொந்த ஊர். நம் சங்கத்தையே பாருங்கள்: கடவுள் வாழ்த்து, ஆண்டறிக்கை, பரதநாட்டியம், நன்றியுரை, சுண்டல். சுண்டல் மட்டும் மாற வேண்டாம் என்பது எம் கருத்து.

ஒழுங்கை நாம் இகழவில்லை. ஒழுங்கின்றி வண்டி ஓடாது. மேலும், வண்டி ஓட்டுநர் இல்லங்களிலும், 2022இல் ரயில் மேலாளர் என்று பெயர் மாறிய கார்டுகளின் இல்லங்களிலும் கேட்டுப் பாருங்கள். அழைப்பு நள்ளிரவிலும் வரும், தீபாவளியன்றும் வரும். ஒரு வாரமாவது வேளைக்கு உண்டு வேளைக்கு உறங்கினால் போதும் என்பார்கள் அவ்வீட்டு அம்மையார். அவர்கள் இவ்வுரையை மன்னிக்க. இது மேசைக்காரர்களாகிய நம்மைப் பற்றியது.

முன்பதிவு முன்பெல்லாம் 120 நாள் முன்னதாகவே திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாயிற்று. குறைந்து என்ன? நாள்காட்டியில் வட்டமிட்டு, பொங்கலுக்கு ஊர் செல்லும் நாளை நோக்கியே வாழ்கிறோம். இடையிலுள்ள நாட்களில் நாம் இருப்பது காத்திருப்போர் அறை. அவ்வறையில் சுவரிலுள்ள படத்தை எவரும் பார்ப்பதில்லை, கடிகாரத்தையே பார்க்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியவர் ஒருவர் 36 ஆண்டுப் பணி முடித்து ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில், “இவ்வூரில் தாங்கள் கண்டதைச் சொல்லுங்கள், அண்ணா” என்று கேட்டோம். நம் நிலையத்தின் நடைமேடை 1,072.5 மீட்டர், 2013இல் கோரக்பூர் 1,366 மீட்டரோடு முந்தும் வரை உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. (2023இல் ஹூப்ளி 1,507 மீட்டரோடு அதனையும் முந்திவிட்டது.) பெரியவர் சற்று யோசித்து, “அந்த ஆயிரத்து எழுபத்திரண்டு மீட்டரைப் பார்த்தேன், தம்பி” என்றார். எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சாமான்களை ஏற்றிச் சென்னை மெயிலில் போய்விட்டார்.

அன்றிலிருந்து அச்சொல் நம்மில் சிலரை உறுத்தியது. கடந்த மார்கழியில் ஒரு ஞாயிறு. கோல் பஜாருக்குப் பையும் கையுமாகப் புறப்பட்ட நான்கு குடும்பத்தார் வழியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். “மேதினிபூர் போவோமா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அதுவே திட்டம். முன்பதிவில்லா டிக்கெட்டின் பெருமையை அன்றுதான் உணர்ந்தோம். பெயர் வேண்டாம், வயது வேண்டாம். 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணமாயின் மூன்று மணி நேரத்திற்குள், அல்லது அவ்வூருக்குரிய முதல் வண்டி புறப்படுவதற்குள், எது பின்னதோ அதற்குள் கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் யோசிக்க ரயில்வேயே இடங்கொடுப்பதில்லை!

மேதினிபூருக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கங்சாபதி ஆற்றை அடுத்த ஹால்ட்டிலேயே இறங்கிவிட்டோம். குளிர்காலத்து ஆறு, அகன்ற மணல், நடுவே மெலிந்த நீர். கரையோரம் ஒருவர் ஈச்ச மரத்தில் பானை கட்டி இறக்கிய சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். வங்காளிகள் நொலேன் குர் என்று கொண்டாடும் வெல்லம் அதுவே. நெல்லைச் சீமைப் பாட்டி ஒருவர் விரலால் தொட்டுச் சுவைத்து, “அடியே, இது நம்ம கருப்பட்டிக்குத் தங்கச்சி!” என்றார். முப்பது ஆண்டுகளாக இங்கு வாழ்பவர். மரத்தடியில் அது காய்வதைக் கண்டது அன்றே. காய்ச்சியவருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்கு வங்காளம் தெரியாது. அரைமணி நேரம் இருவரும் பாகுபதம் பேசினர். அவ்வாண்டு எங்கள் நான்கு வீட்டுப் பொங்கலும் அவ்வெல்லத்தில்தான் பொங்கியது. காய்கறிப் பை வெறும் பையாகவே திரும்பியதற்கு வீட்டில் நடந்த வழக்கை இங்கு விவரிக்க வேண்டாம்.

ஆற்றுக்கே போக வேண்டும் என்பதில்லை. சைக்கிள் மிதிக்கும் தொலைவில் ஹிஜ்லி இருக்கிறது. 1931 செப்டம்பர் 16 அன்று அங்கிருந்த தடுப்பு முகாமில் காவலர் சுட்டு, சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இரு இளைஞர் மாண்டனர். 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியதும் அக்கட்டடத்திலேயே. அங்கே இடம் பெற வேண்டுமென்று பிள்ளைகளை டியூஷனுக்கு விரட்டுகிறோம். அப்பழைய கட்டடத்தின் முன் ஒரு மாலை அவர்களோடு நின்றவர் நம்மில் எத்தனை பேர்? “உன் ஊர் எது?” என்று பள்ளியில் கேட்டால், நாம் பிறந்த ஊரைச் சொல்லவா, தாம் பிறந்த இவ்வூரைச் சொல்லவா என்று விழிக்கும் பிள்ளைகள் அவர்கள்.

இச்செய்தியைச் செயற்குழுவில் சொன்னபோது, உறுப்பினர் ஒருவர் பெரிதும் மகிழ்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு திடீர்ப் பயணம், கட்டணம் முன்கூட்டியே செலுத்த வேண்டும், ஏற்பாட்டுக்கு ஐவர் துணைக்குழு. நல்லவேளையாக அன்று கோரம் இல்லை. தீர்மானம் கிடப்பில் கிடக்கிறது. அது அங்கேயே கிடக்கட்டும் எனத் தலைவர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

செயலாளர் மணியடிக்கக் கையை உயர்த்துகிறார். சுண்டலுக்கு நேரமாகிவிட்டது போலும்.