வீடு விற்கும்போது வரும் பில்: கணக்குக் கேட்போம், ரசீது வாங்குவோம்

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பொறுப்பாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் உறுப்பினர்களில் பலர் பத்து வருடம், பதினைந்து வருடம் பாடுபட்டு அடுக்குமாடியில் சின்னதாக ஒரு பிளாட் வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். விற்கும்போது மட்டும் "பணம் வரப்போகுதே, அப்புறம் என்ன" என்று இருந்துவிடுகிறோம். அந்த நேரத்தில்தான் ஒரு பில் வருகிறது.

நம் சகோதரிக்கு வந்த பில்

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரி, தையல் தொழில் செய்கிறவர். பெயர் வேண்டாம். 520 சதுர அடியில் ஒரு பிளாட் வைத்திருந்தார். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் 2024 நவம்பரில் வீட்டை விற்க முடிவு செய்தார். ஆள் வந்தது, விலை பேசி அட்வான்சும் வாங்கியாகிவிட்டது. 45 நாளில் கிரயம் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

வாங்குகிறவர் வங்கிக் கடனில் வாங்குகிறார். அந்த வங்கி, "அசோசியேஷனிடமிருந்து பாக்கி இல்லை என்று கடிதம் கொண்டு வாங்க" என்றது. நம் சகோதரி குடியிருப்பைப் பராமரிக்கிற கம்பெனியின் ஆபீசுக்குப் போனார். அங்கே ஒரு தாளை நீட்டினார்கள். அதில் இருந்தது இதுதான்:

பழைய மெயின்டனன்ஸ் பாக்கி, 8 மாதம்: ரூ.10,400
அதற்கு வட்டி: ரூ.16,505
பெயர் மாற்றக் கட்டணம்: ரூ.25,000
தடையில்லாச் சான்றுக்கு: ரூ.5,000
பெயின்ட் அடிக்கும் நிதி: ரூ.12,000
மொத்தம்: ரூ.68,905

"இதைக் கட்டினால்தான் லெட்டர்" என்று சொல்லிவிட்டார்கள். நம் சகோதரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்திருந்த பணம். கட்டாவிட்டால் வாங்குகிறவர் போய்விடுவார், அட்வான்சையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். "அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியாவது கட்டிடறேன்" என்றுதான் முதலில் நினைத்தார். அன்றைக்குக் குழுக் கூட்டம் இருந்ததால் விஷயம் நம் காதுக்கு வந்தது.

மெயின்டனன்ஸ் தவறில்லை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பராமரிப்புக் கட்டணமே அநியாயம் என்று நாம் பேச வரவில்லை. மோட்டார் ஓட வேண்டும், லிப்ட் ஓட வேண்டும், கழிவுநீர் லாரிக்குக் கொடுக்க வேண்டும், வாட்ச்மேனுக்குச் சம்பளம் போட வேண்டும். அந்த மாடிப்படிகளைக் கூட்டிப் பெருக்குகிறவர்களில் நம் உறுப்பினர்களே இருக்கிறார்கள். நாம் கட்டும் மெயின்டனன்சில்தான் அவர்கள் சம்பளம் இருக்கிறது. ஆகவே கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும்.

ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும், யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நம் குழுவில் பத்து ரூபாய் அபராதம் போட்டால்கூட அதற்குத் தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். 25,000 ரூபாய்க்குத் தீர்மானம் வேண்டாமா?

கம்பெனி வேறு, சங்கம் வேறு

இங்கேதான் நம்மில் பலர் குழம்பிப் போகிறோம். அடுக்குமாடியில் வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து அமைப்பது சங்கம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சங்கங்கள் பெரும்பாலும் 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. அடுக்குமாடி உரிமைக்கென்றே 1994-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் இயற்றிய புதிய சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. எந்தச் சட்டத்தில் பதிவானாலும் சங்கத்துக்கு ஒரு துணைவிதி உண்டு. பைலா என்று சொல்வார்கள். பொதுக்குழு உண்டு, செயலாளர், பொருளாளர் உண்டு. நம் கூட்டமைப்பு மாதிரியேதான்.

பராமரிப்புக் கம்பெனி, அந்தச் சங்கம் வேலைக்கு அமர்த்திய ஆள். நம் குழுவுக்குக் கணக்கு எழுத ஒருவரை வைக்கிறோம். அவர் தானாக ஒரு சந்தா போட்டு வசூலிக்க முடியுமா? முடியாது. கம்பெனியும் அப்படித்தான். பைலாவிலோ பொதுக்குழுத் தீர்மானத்திலோ இல்லாத கட்டணத்தை அது தானாக விதிக்க முடியாது.

சங்கமே இன்னும் அமையாமல் கட்டடம் கட்டியவரே பராமரிக்கிற இடங்களும் உண்டு. அங்கே 2016-ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சங்கம் பொறுப்பு எடுக்கும் வரை அத்தியாவசிய வசதிகளை நியாயமான கட்டணத்தில் பராமரிப்பது கட்டியவரின் கடமை என்று அது சொல்கிறது. "நியாயமான" என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கலாம்.

மும்பையில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், "அங்கே எல்லாம் 25,000 வாங்குறாங்களே" என்று சொல்லக்கூடும். மகாராஷ்டிர அரசு 2001 ஆகஸ்டில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போட்டது. மாநகராட்சிப் பகுதியில் வீடு கைமாறும்போது சங்கம் வாங்கும் பிரீமியம் 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. அது அந்த மாநிலத்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான உச்சவரம்பு. அதைக் காட்டி நம் ஊரில் 25,000 கட்டு என்று சொல்ல முடியாது.

என்ன செய்தோம்?

குழுவிலிருந்து நான்கு பேர் சகோதரியுடன் போனோம். சண்டை போடவில்லை. கம்பெனியிடமும் போகவில்லை. நேராகச் சங்கச் செயலாளரைப் பார்த்து ஒரு கடிதம் கொடுத்தோம். கேட்டது மூன்றுதான்.

ஒன்று, எங்கள் வீட்டுக்கான முழுக் கணக்கு, மாதவாரியாக.
இரண்டு, ஒவ்வொரு கட்டணத்துக்கும் பைலாவில் எந்த விதி, அல்லது எந்தத் தேதியில் போட்ட தீர்மானம்.
மூன்று, கட்டும் பணத்துக்குச் சங்கத்தின் பெயரில் ரசீது.

கடிதத்தின் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அடுத்த வாரம் சங்கக் கமிட்டி கூடியது. அங்கே பைலாவைப் பிரித்துப் பார்த்தார்கள்.

வட்டியில்தான் பெரிய வித்தியாசம். கம்பெனி மாதம் நூற்றுக்கு இரண்டு என்று, வட்டிக்கு வட்டியாக 48 மாதத்துக்குப் போட்டிருந்தது. பைலாவில் இருந்தது வருடத்துக்கு 12 சதவீதம், தனிவட்டி. 10,400 ரூபாய்க்கு வருடம் 1,248 ரூபாய். நான்கு வருடத்துக்கு 4,992 ரூபாய். அவ்வளவுதான். நம் குழுவிலும் நூற்றுக்கு இரண்டு வாங்குகிறோமே என்று ஒரு சகோதரி கேட்டார். வாங்குகிறோம். ஆனால் நாமே தீர்மானம் போட்டு வாங்குகிறோம், வட்டிக்கு வட்டி போடுவதில்லை, அந்த வட்டியும் நம் குழுவுக்கே திரும்பி வருகிறது.

பெயர் மாற்றக் கட்டணம் 25,000-க்குத் தீர்மானமே இல்லை. சங்கத்தின் வரவு செலவில் அப்படி ஒரு வரவும் இல்லை. பைலாவில் இருந்தது, புதிதாகச் சேரும் உறுப்பினர் கட்ட வேண்டிய சேர்க்கைக் கட்டணம் 1,000 ரூபாய். அதுவும் வாங்குகிறவர் கட்ட வேண்டியது. கடிதத்துக்கு 500 ரூபாய் என்று ஒரு தீர்மானம் இருந்தது, அதைக் கட்டினோம்.

பெயின்ட் நிதிக்குத் தீர்மானம் இருந்தது. ஒரு வீட்டுக்கு 12,000, மாதம் ஆயிரமாகப் பன்னிரண்டு தவணை. விற்கும்போது தவணை வந்தது ஐந்துதான். அந்த 5,000 நம்முடையது. மீதி, வீட்டில் இனி இருக்கப் போகிறவருடையது.

ஆகக் கட்டியது 10,400, 4,992, 500, 5,000. மொத்தம் 20,892 ரூபாய். முதலில் கேட்டது 68,905. வித்தியாசம் 48,013 ரூபாய். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கிரயம் முடிந்தது.

நாம் இழந்ததையும் சொல்ல வேண்டும்

ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லி முடித்தால் அது சரியாக இருக்காது. இரண்டு இடத்தில் நம் சகோதரிக்கு நஷ்டம்.

அந்த எட்டு மாதப் பாக்கி 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை உள்ளது. ஊரடங்கில் தையல் வேலை நின்றுபோன காலம். பிறகு கையில் காசு வந்தபோது மூன்று மாதத்துக்கானதை, 3,900 ரூபாயை, சூப்பர்வைசர் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். ரசீது வாங்கவில்லை. அந்த ஆள் இப்போது வேலையில் இல்லை. கணக்கிலும் ஏறவில்லை. அதனால் அந்த 3,900-ஐ இரண்டாம் தடவை கட்ட வேண்டியதாயிற்று. குழுவில் பாஸ் புத்தகத்தில் வரவு வைக்காமல் ஒரு ரூபாய் கொடுக்காத நாம், வெளியில் போனால் இப்படி ஏமாந்துவிடுகிறோம்.

இரண்டாவது, கார்பஸ் பண்டு. பிளாட் வாங்கும்போது எதிர்காலப் பெரிய செலவுகளுக்கென்று ஒரே தடவையாக வாங்கும் பணம். அவர் 26,000 கட்டியிருந்தார். விற்கும்போது இதைச் சங்கம் திருப்பித் தருவது வழக்கமில்லை. அது வீட்டோடு போகும். ஆகவே விலை பேசும்போதே, "கார்பஸ் இவ்வளவு கட்டியிருக்கேன், அதையும் சேர்த்துக் குடுங்க" என்று கேட்க வேண்டும். அது நமக்குத் தோன்றவில்லை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு கேட்க வாய் வரவில்லை.

அட்வான்சுக்கு முன்னால்

இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அட்வான்ஸ் வாங்கிவிட்டால் நேரம் நம் கையில் இல்லை. கெடு நெருங்க நெருங்க எதைக் கேட்டாலும் கட்டிவிடுவோம். ஆகவே விற்கலாம் என்று நினைத்த உடனே, ஆள் பார்ப்பதற்கு முன்பே, கணக்கைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். மெயின்டனன்ஸ் பாக்கி அதில் வராது. அதனால் விற்கும் சகோதரிகள் மட்டுமல்ல, வாங்கும் சகோதரிகளும் சங்கத்திடம் பாக்கி இல்லைக் கடிதம் கேளுங்கள்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்:

1. மெயின்டனன்ஸ் எப்போதும் வங்கி மூலமாகவோ ரசீதுடனோ மட்டும் கட்டுங்கள். ரசீதுகளை வீட்டுப் பத்திர நகலோடு ஒரே பையில் வையுங்கள்.
2. பைலா நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.
3. பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் பில் யார் பெயரில் இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கம் தன் உறுப்பினரிடம் வாங்கும் மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாய் வரை இருந்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு. கம்பெனி நேரடியாக நமக்குப் பில் போட்டால் இந்த விலக்கு பொருந்தாது.
4. விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எந்தத் தேதி வரை மெயின்டனன்ஸ் நம் பொறுப்பு, சேர்க்கைக் கட்டணம் யார் கட்டுவது, கார்பஸ் பணம் யாருக்கு. சொத்து வரி போன்ற பொது வரிகளை, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், விற்கும் தேதி வரை விற்பவர்தான் கட்ட வேண்டும். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.
5. நேரம் இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று கடிதம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

வாரிய வீடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஒதுக்கீட்டு ஆணை. அது கிரயப் பத்திரம் ஆகாது. முழுத் தவணையும் கட்டி, நம் பெயரில் கிரயப் பத்திரம் வாங்காமல், வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்து வீட்டை விற்றுவிடாதீர்கள். வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு இல்லை, நமக்கும் இல்லை.

சகோதரிகளே, வரவு, செலவு, தீர்மானம், ரசீது இந்த நான்கையும் நமக்குக் கற்றுக்கொடுத்தது குழுதான். அதைக் குழுக் கூட்டத்தோடு நிறுத்திவிடாமல் நம் குடியிருப்புச் சங்கத்துக்கும் கொண்டு போவோம். பொதுக்குழு என்றால் வீட்டு ஆண்கள் போகட்டும் என்று இருந்துவிடாமல், வீடு நம் பெயரில் இருந்தால் நாமே போய் உட்காருவோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பைலா நகலும் கடைசி ரசீதும் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.